அம்மாயியின் சாம்பல் குழி: நம் பகுதிக் கோழிகளின் நூறாண்டுக் கதை



போன ஞாயிற்றுக்கிழமை காலையில் பொங்கலூர்ப் பக்கத்திலிருந்து பழைய மாணவர் ஒருவர் அழைத்தார். இப்போது பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். "சார், நீங்க எங்களுக்குச் சரித்திரம்தான் எடுத்தீங்க. ஆனா ஊட்ல கோழி வளர்த்தவருன்னு தெரியும். அதான் கேக்கறேன்" என்று ஆரம்பித்தார். அடை வைத்த கோழி 14ஆம் நாள் முட்டையை விட்டு எழுந்து போய்விட்டதாம். கூடையில் கை வைத்தால் முழங்கை வரை ஏதோ ஊறுகிறதாம். வீட்டில் குழந்தைகளுக்கும் ராத்திரியெல்லாம் அரிப்பு. பருத்திக்கு அடித்த மருந்து கொஞ்சம் மிச்சம் இருக்கிறது, கோழி மேல் அடிக்கலாமா என்று கேட்டார்.

"அடிச்சிராதீங்க தம்பி" என்றேன். "கூடைக்குள்ள என்ன போட்டு அடை வெச்சீங்க?"

"பனியன் வேஸ்ட் சார். மெத்துன்னு இருக்குமேன்னு."

பாதிப் பதில் அங்கேயே இருந்தது. மீதிப் பாதிக்கு நூறு வருடக் கதை சொல்ல வேண்டும். போனில் முடியாது, எழுதுகிறேன் என்றேன். அதுதான் இது. கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

கோழியை நாம் எவ்வளவு காலமாகக் கொண்டாடுகிறோம் என்பதற்கு விழுப்புரம் மாவட்டம் அரசலாபுரத்தில் ஒரு கல் நிற்கிறது. சண்டையில் செத்த ஒரு சேவலுக்கு எடுத்த நடுகல். சேவலின் உருவமும் எழுத்தும் அதில் உண்டு. ஏறத்தாழ 1500 ஆண்டுப் பழமையானது. சோழர் தலைநகரான உறையூருக்கே கோழி என்று ஒரு பெயர் இருந்தது. ஆனால் சேவலுக்குக் கல் நட்டார்களே தவிர, அந்தச் சேவலைக் குஞ்சிலிருந்து காப்பாற்றி வளர்த்தவளுக்கு யாரும் கல் நடவில்லை. நான் சொல்லப்போவது அவளுடைய கதை.

எங்கள் அம்மாயி ஊர் காங்கேயத்துக்குத் தெற்கே. அந்தப் பக்கம் கொறங்காடு என்றால் இன்றும் எல்லோருக்கும் தெரியும். மழை குறைந்த மேட்டு நிலத்தில் கொழுக்கட்டைப் புல், நடுநடுவே வெள்வேல மரம், சுற்றிலும் கிளுவை முள் வேலி. காங்கேயம் மாடும் செம்மறியும் மேய்வதற்காக நம் முன்னோர் ஏற்படுத்திய மேய்ச்சல் நிலம். அந்தக் கிளுவை வேலி கோழிக்கும் கோட்டையாக இருந்தது. பிராந்து வட்டம் போடுவதைக் கண்டால் தாய்க்கோழி ஒரு குரல் கொடுக்கும். அடுத்த நொடி குஞ்சுகள் அத்தனையும் வேலிக்குள் இருக்கும். முள்ளுக்குள் எந்தப் பிராந்தும் இறங்காது.

அம்மாயிக்குக் கோழி என்றால் கைச்செலவுக் காசு. மாட்டுக் காசும் வெள்ளாமைக் காசும் அப்புச்சி கைக்குப் போகும். முட்டை விற்ற காசும் சேவல் விற்ற காசும் அம்மாயியின் சுருக்குப் பைக்குப் போகும். அதை யாரும் கணக்குக் கேட்க முடியாது. என் அம்மாவுக்கு நோட்டுப் புத்தகம் வாங்கியதும் பிறகு எனக்குப் பரீட்சைக்குப் பணம் கட்டியதும் அந்தப் பையிலிருந்துதான். கோழி ஒன்று செத்தால் அந்த வீட்டில் முதலில் அடிபடுவது பெண்ணின் கைதான்.

ஆகவே அவர் காவல் காத்தார். சாயங்காலம் பொழுது இறங்குவதற்குள் எண்ணிக் கூப்பிட்டுக் கொடாப்பில் அடைப்பார். கொடாப்பு என்பது விளாறால் பின்னிய பெரிய கவிழ்ப்புக் கூடை. மேலே ஒரு கல் வைப்பார். கீரியும் காட்டுப்பூனையும் அதைத் தள்ள முடியாது. அந்தக் காலத்தில் ராத்திரி குள்ளநரி ஊளை விடுவது வீட்டுக்குள் படுத்திருந்தாலும் கேட்கும்.

அடை வைப்பதற்கு ஒரு முறை இருந்தது. கூடையில் சலித்த மணல். அதன் மேல் ஒரு பிடி சாம்பல், வேப்பிலை, நொச்சி இலை. முட்டையோடு ஒரு கரித்துண்டு, ஓர் இரும்புத் துண்டு, ஒரு மிளகாய் வற்றல். இடி இடித்தால் முட்டை கூமுட்டை ஆகாதிருக்க இரும்பும் கரியும் என்பார்கள். அது நம்பிக்கை. ஆனால் சாம்பலும் நொச்சியும் நம்பிக்கை மட்டுமல்ல. 21 நாள் முடிந்து குஞ்சு இறங்கியதும் அந்த மணலைத் தூரக் கொட்டிவிட்டு, கூடையை நெருப்பில் வாட்டி வெயிலில் கவிழ்த்துவார். வாசலுக்குப் பக்கத்தில் அடுப்புச் சாம்பல் கொட்டிய ஒரு குழி இருக்கும். கோழிகள் மத்தியானம் அதில் படுத்துப் புரண்டு இறக்கைக்குள் சாம்பலை வாரிப் போட்டுக்கொள்ளும்.

ஏன் அப்படிச் செய்தார் என்பதை இன்று புத்தகங்கள் விளக்குகின்றன. நாம் பொதுவாகச் செல்லு, பேன், உண்ணி என்று ஒன்றாகச் சொல்கிறோம். அவை வெவ்வேறு. பேன் வாழ்நாள் முழுக்கக் கோழி உடம்பிலேயே இருக்கும். இறகையும் தோல் செதிலையும் தின்னும். செல்லு என்பது எட்டுக் கால் பூச்சி, சிலந்தி, உண்ணி வகையறா. அதில் ஒரு வகை கோழியின் ஆசனவாய்ப் பக்கத்து இறகிலேயே குடியிருக்கும். இன்னொரு வகையான சிவப்புச் செல்லு திருடனைப் போல. பகலெல்லாம் கூண்டின் விரிசலிலும் கூடையின் இடுக்கிலும் ஒளிந்திருந்து, ராத்திரி மட்டும் ஏறி இரத்தம் குடித்துவிட்டு இறங்கிவிடும். வெயில் காலத்தில் ஒரே வாரத்தில் முட்டையிலிருந்து வளர்ந்த பூச்சியாகிவிடும். இரை இல்லாமல் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். கோழி உண்ணியோ இன்னும் கெட்டி, வருடக்கணக்கில் பட்டினி தாங்கும். ஒருவகைக் கிருமிக் காய்ச்சலை அது கோழிக்குக் கோழி கடத்துவதை 1903ஆம் ஆண்டிலேயே பிரேசிலில் விஞ்ஞானிகள் இருவர் கண்டுபிடித்தார்கள்.

அடைக்கோழிக்குத்தான் ஆபத்து அதிகம். அது 21 நாளும் ஒரே இடத்தில் சூடாக உட்கார்ந்திருக்கிறது. மண்ணில் புரளவும் அதிகம் எழுந்து போவதில்லை. செல்லுக்கு இதைவிட நல்ல விருந்து கிடையாது. தாங்க முடியாத கட்டத்தில் கோழி முட்டையை விட்டுவிட்டு ஓடும். மாணவர் வீட்டில் நடந்தது அதுதான்.

அம்மாயியால் தடுக்க முடியாத ஒன்றும் இருந்தது. கழிச்சல். 1926ல் ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசில் நகரத்திலும் ஒரு புது நோய் கோழிகளைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றது. அடுத்த ஓரிரு வருடங்களில் குமாவோன் மலையில் உள்ள ராணிகேத்தில் அது அடையாளம் காணப்பட்டது. அதனால் இந்தியாவில் அதற்கு ராணிகேத் நோய் என்று பெயர். நம் ராணிப்பேட்டையோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஆனால் ராணிப்பேட்டைக்கும் சம்பந்தம் உண்டு, தமிழக அரசின் கால்நடைத் தடுப்பு மருந்து நிலையம் அங்கேதான் இருக்கிறது. ராணிகேத்துக்கு அருகில் முக்தேஸ்வர் ஆராய்ச்சி நிலையத்தில் ஐயர், டாப்சன் என்ற இருவர் அந்த வைரஸைக் கோழிக்கருவில் வளர்த்து வளர்த்து வீரியம் குறைத்து, 1940ல் தடுப்பூசி கண்டார்கள். இன்றும் எட்டு வாரக் கோழிக்குப் போடும் ஊசி அந்த முக்தேஸ்வர் வழிதான். ஆண்டுதோறும் பிப்ரவரி வாக்கில் கிராமங்களில் நடக்கும் கோழிக்கழிச்சல் இருவார முகாம் அதற்காகத்தான். எங்கள் அம்மாயி காலத்தில் ஒரு கோடை வந்தால் ஊர்க்கோழி மொத்தமும் தலையைத் திருகிக்கொண்டு சாகும். மறு வருடம் பக்கத்து ஊரிலிருந்து வாரத்துக்கு ஒரு பெட்டைக்கோழி வாங்கி வந்து திரும்பத் தொடங்குவார்கள்.

அடுத்தது பொடியின் காலம். டி.டி.டி. பூச்சியைக் கொல்லும் என்று 1939ல் கண்டறிந்த பால் முல்லருக்கு 1948ல் நோபல் பரிசு கொடுத்தார்கள். 1953ல் நம் நாட்டில் மலேரியா ஒழிப்புக்காக வீடு வீடாக அதை அடித்தார்கள். கூடவே கமாக்சின் பவுடர் வந்தது. கடலைக்கும் நெல்லுக்கும் தூவினார்கள், எறும்புக்குத் தூவினார்கள், தலையில் பேனுக்குக்கூடத் தேய்த்தவர்கள் உண்டு. அதன் நாற்றம் என் வயதுக்காரர்களுக்கு இப்போதும் மூக்கில் நிற்கும்.

1974 கோடை விடுமுறையில் அம்மாயி வீட்டுக்குப் போயிருந்தேன். கல்லூரியில் படிக்கிறோம் என்ற மிதப்பு. 11 குஞ்சோடு ஒரு கோழி செல்லுப் பிடித்துச் சோர்ந்து நின்றது. "சாம்பல்ல என்ன இருக்குது அம்மாயி, இதுக்கு விஞ்ஞானம் வேணும்" என்று சொல்லிவிட்டு, அவர் சந்தைக்குப் போயிருந்த நேரத்தில் களத்து அறையில் இருந்த கமாக்சினை எடுத்துக் கோழி மேலும் கொடாப்புக்குள்ளும் நன்றாகத் தூவினேன். செல்லு செத்தது. காலையில் கொடாப்பைத் தூக்கியபோது ஏழு குஞ்சும் செத்துக் கிடந்தன.

அம்மாயி திட்டவில்லை. செத்த குஞ்சுகளை முறத்தில் எடுத்துப்போய்ப் புதைத்துவிட்டு வந்து, "செல்லு சாகுமுன்னு தெரிஞ்சுது உனக்கு. குஞ்சு தரையில கொத்தித் திங்குமுன்னு தோணுலியா கண்ணு?" என்று கேட்டார். அவ்வளவுதான். ஐம்பது வருடமாகியும் அந்தக் கேள்வி எனக்கு மறக்கவில்லை. பள்ளியில் பசுமைப் புரட்சி பாடம் நடத்தும்போதெல்லாம் அது நினைவுக்கு வரும்.

டி.டி.டி.யை விவசாயத்துக்குப் பயன்படுத்துவதை 1989ல் நிறுத்தினார்கள். கமாக்சினை 1997ல் தடை செய்தார்கள். அறிவு வர அவ்வளவு காலம் ஆனது. வெளிநாட்டிலும் இதே கதை உண்டு. 2017ல் நெதர்லாந்து, பெல்ஜியம் பண்ணைகளில் சிவப்புச் செல்லை ஒழிக்க அடித்த மருந்தில் பிப்ரோனில் கலந்திருந்தது தெரியவந்து, லட்சக்கணக்கான முட்டைகளை அழித்தார்கள். நம் மாணவர் கையில் வைத்திருந்த பருத்தி மருந்து என்னவோ, அதுவும் கோழி வழியாக முட்டைக்கும், முட்டை வழியாகக் குழந்தைக்கும்தான் போகும்.

பொடியின் காலத்திலேயே வெள்ளைக் கோழியும் வந்தது. 1952ல் சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கிய பிறகு, வெள்ளை லெகார்ன் சேவல்களைக் கிராமங்களுக்குக் கொடுத்தார்கள். முட்டை நிறைய. ஆனால் அந்தக் கோழி அடை உட்காராது. குஞ்சைக் காக்கத் தெரியாது. வெள்ளை நிறம் பிராந்துக்கு வானத்திலிருந்தே தெரியும். நம் கோழியின் மண் நிறமும் கருநிறமும் சண்டைக்காரக் குணமும் வீண் அல்ல என்பது அப்போது புரிந்தது. வெள்ளைக்கோழிக்குக் கூண்டும் கொட்டகையும்தான் சரி. நாமக்கல்லில் அது பெரிய தொழிலானது. நம் பகுதியில் கறிக்கோழி வேர் பிடித்தது. 1980களில் உடுமலையில் சகோதரர்கள் இருவர் தொடங்கிய சுகுணா நிறுவனம், குஞ்சும் தீவனமும் கொடுத்து வளர்ப்புக்கூலி தரும் ஒப்பந்த முறையைப் பரப்பியது. இன்று கறிக்கோழிப் பண்ணை விலை பல்லடத்தில்தான் நாள்தோறும் நிர்ணயமாகிறது.

இதே காலத்தில்தான் பனியன் வளர்ந்தது. 1920களில் திருப்பூரில் கை மிஷினில் தொடங்கிய தொழில், 1970களின் கடைசியில் ஏற்றுமதிக்குப் போய், 1980, 90களில் சுற்றுக் கிராமமெல்லாம் வேனை அனுப்பி ஆள் கூப்பிட ஆரம்பித்தது. காலையில் எட்டு மணிக்கு வேன் வரும். ஒண்ணரை ஷிப்ட் என்றால் வீடு திரும்ப ராத்திரி எட்டரை, ஒன்பது. பெண்கள் கையில் சொந்தக் காசு வந்தது. என் மாணவிகள் பலர் அந்தச் சம்பளத்தில் தம்பி தங்கையைப் படிக்க வைத்தார்கள். நான் அதைக் குறையாகச் சொல்ல மாட்டேன். முட்டைக் காசைவிட அது பெரிய காசு.

ஆனால் கோழியின் பக்கமிருந்து பாருங்கள். பிராந்து குஞ்சைத் தூக்குவது பகலில். அப்போது வாசலில் சத்தம் போட ஆள் இல்லை. கீரி வருவது பெரும்பாலும் விடிகாலையிலும் பகலிலும். கொடாப்பில் அடைக்க வேண்டிய நேரம் பொழுது இறங்கும் நேரம். அப்போது வீட்டுக்காரி மிஷின் முன்னால் இருக்கிறாள். அடுப்பில் கேஸ் வந்தது, சாம்பல் இல்லை. வாசலில் சிமெண்ட் போட்டாயிற்று, புரளக் குழி இல்லை. கிளுவை வேலியை எடுத்துவிட்டுக் கம்பி வேலி போட்டோம், ஒளிய இடம் இல்லை. காவலில் நான்கு பங்கும் ஒரே தலைமுறையில் போய்விட்டன. நாட்டுக்கோழி நோயில் குறைந்தது என்று நாம் சொல்கிறோம். நான் பார்த்தவரை, ஆள் இல்லாமல்தான் குறைந்தது.

பனியன் வேஸ்டுக்கு வருகிறேன். இதை நானும் செய்திருக்கிறேன். ஓய்வு பெற்ற புதிதில் நான்கு கோழி வாங்கி, மெத்தென்று வேஸ்ட் போட்டு அடை வைத்தேன். பஞ்சு நூல் துணி, மடிப்பு மடிப்பாக இருக்கும். சூடு பிடித்து வைக்கும், ஈரத்தையும் எச்சத்தையும் உறிஞ்சும். ஒளிந்து வாழும் செல்லுக்கு அந்த மடிப்பெல்லாம் வீடு. மணலைப் போல அதைக் கொட்டிச் சலிக்கவும் முடியாது. என் கோழி பத்தாம் நாளே எழுந்துவிட்டது. கமாக்சின் போட்ட அதே கை, அதே அவசரம்.

இப்போது புது எதிரி தெரு நாய். நரி ஊளை கேட்டு வெகு காலம் ஆயிற்று. நாய்க்கூட்டம் பெருகிவிட்டது. காங்கேயம், வெள்ளகோவில், தாராபுரம் பக்கம் பட்டியில் புகுந்து ஆடுகளைக் கடித்துக் கொன்ற செய்தியைத் தொடர்ந்து படிக்கிறோம். 2024, 25ல் விவசாயிகள் செத்த ஆடுகளோடு சாலையில் உட்கார்ந்தார்கள், அரசும் இழப்பீடு அறிவித்தது. ஊர் ஓரத்தில் கொட்டும் கோழிக்கடைக் கழிவில் அந்த நாய்கள் வளர்வதை நான் என் கண்ணாலேயே பார்க்கிறேன். நாம் வாங்கித் தின்னும் கறிக்கோழியின் கழிவு, நம் நாட்டுக்கோழியைக் கொல்லும் நாய்க்குத் தீனி.

இனி மாணவருக்குச் சொன்னதை எல்லோருக்கும் சொல்கிறேன்.

ராத்திரி எட்டு மணிக்கு மேல் டார்ச் எடுத்துக்கொண்டு கூண்டின் இடுக்கில் ஒரு வெள்ளைத் துணியை இழுத்துப் பாருங்கள். சிவப்புப் பொட்டுகள் விழுந்தால் சிவப்புச் செல்லு. பகலில் கோழியை மட்டும் பார்த்தால் அகப்படாது.

வேஸ்ட் துணியை எரித்துவிடுங்கள். கூண்டை வெளியே எடுத்துக் கொதிக்கும் நீர் ஊற்றி, வெயிலில் காயவைத்து, விரிசலெல்லாம் அடையும்படி சுண்ணாம்பு அடியுங்கள். ஏழெட்டு நாள் கழித்து இன்னொரு முறை செய்யுங்கள். முதல் முறை தப்பிய முட்டைகள் அதற்குள் பொரித்திருக்கும். ஒரே முறையோடு விட்டதால்தான் பல பேருக்குத் திரும்பத் திரும்ப வருகிறது.

சிமெண்ட் வாசலில் ஓர் அகலத் தொட்டியில் மணலும் சலித்த விறகுச் சாம்பலும் போட்டு, மழை படாமல் வையுங்கள். கலிபோர்னியாவில் 2012ல் வெளிவந்த ஓர் ஆய்வில், கோழி புரளும் பெட்டியில் களிமண் தூள், கந்தகத் தூள் போன்றவற்றைப் போட்டபோது அதைப் பயன்படுத்திய கோழிகளில் செல்லு மிகவும் குறைந்ததைக் கண்டார்கள். அம்மாயியின் குழிதான் அது. அதற்கும் அடங்காவிட்டால் கால்நடை மருத்துவரைக் கேட்டு, கோழிக்கென்று உள்ள மருந்தை, அவர் சொல்லும் அளவில் மட்டும் போடுங்கள். முட்டையை எத்தனை நாள் சாப்பிடக் கூடாது என்றும் மறக்காமல் கேளுங்கள்.

கூண்டு தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் கால் வைத்து இருக்கட்டும். அரை அங்குலக் கம்பி வலை. பெரிய கண் வலையில் பாம்பும் பெருச்சாளியும் புகும். முட்டை முழுசாகக் காணாமல் போனால் பாம்பு, குஞ்சு மட்டும் வளைக்குள் இழுபட்டால் பெருச்சாளி, பல கோழி ஒரே நேரத்தில் கடிபட்டுக் கிடந்தால் பெரும்பாலும் நாய் என்று நினைத்துக்கொள்ளுங்கள். குஞ்சுகளை முதல் ஆறு வாரம் வலைக்குள்ளேயே வையுங்கள். வாசல் ஓரத்தில் பத்தடிக்காவது ஒரு முள் புதர் இருக்கட்டும்.

குருணை மருந்தைக் கறியில் வைத்து நாய்க்கும் கீரிக்கும் போடாதீர்கள். மயிலும் காக்கையும் சாகும், அடுத்த வீட்டுக் குழந்தை கையிலும் படும். கீரியையும் பிராந்தையும் கொல்வது 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி குற்றம்.

கடைசியாக ஒன்று. கணவன் மனைவி இருவரும் கம்பெனிக்குப் போகும் வீட்டில், பொழுது இறங்கும்போது கூண்டை மூட யார் இருக்கிறார்கள் என்று முதலில் யோசியுங்கள். அதற்குப் பிறகு கோழி வாங்குங்கள். அந்த மாணவர் வீட்டில் அவருடைய அம்மா இருக்கிறார், வயது 70க்கு மேல். "அவங்ககிட்டக் கேட்டீங்களா?" என்றேன். "இல்லீங்க சார், அவங்களுக்கு என்ன தெரியப்போகுதுன்னு..." என்று இழுத்தார். 1974ல் நான் சொன்ன அதே வாக்கியம்.

நேற்று மீண்டும் அழைத்தார். துணியை எரித்து, கூண்டுக்குச் சுண்ணாம்பு அடித்தாயிற்றாம். மணலும் சாம்பலும் நொச்சியும் போட்டுத் திரும்ப அடை வைத்தது அம்மாவாம். ஒன்பது முட்டை. கூடையில் ஒரு கரித்துண்டும் இரும்பு ஆணியும் வைத்திருக்கிறாராம். "அது எதுக்குன்னு கேட்டா சிரிக்கறாங்க சார்" என்றார்.

குஞ்சு இறங்கினால் எழுதுகிறேன். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் கோழியை எப்படிக் காத்தார்கள் என்று கேட்டு எனக்கும் எழுதுங்கள். நான் சொன்னதில் பிழை இருந்தால் தயங்காமல் திருத்துங்கள். வகுப்பில் நான் உங்களைத் திருத்தியது போதும்.

அன்புடன்,
உங்கள் சரித்திர வாத்தியார்